கத்னா: பழைய முறையும் புதிய முறைகளும்

பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை விடப்படும் காலம் வந்துவிட்டால், எங்கள் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் சுன்னத்துக் கலியாணங்களும் வந்துவிடும். வீட்டு முற்றத்திலே பந்தல் எழும். உறவினர் வீடுகளுக்குச் சொல்லியனுப்புவர். புதுச் சாரம் உடுத்த சிறுவன் ஒருவன் மகிழ்ச்சியும் அச்சமும் கலந்த முகத்துடன் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பான். விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கும்போது அச்சிறுவர்கள் பெருமிதத்துடன் வகுப்புக்குத் திரும்புவார்கள். முப்பது ஆண்டுகளாக இக்காட்சியைக் கண்டுவருபவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் மட்டும் திரும்பவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதமும் ஆயிற்று. விசாரித்தபோது, கத்னா செய்த இடத்தில் உதிரம் நிற்காமல் கசிந்ததென்றும், இரண்டு நாள் வீட்டுப் பக்குவம் பார்த்தபின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்களென்றும் அறிந்தேன். பையன் பிழைத்துக்கொண்டான், அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும். ஆனால் அவனுடைய வாப்பா என் முன் அமர்ந்து, "சேர், எந்த முறையில் செய்திருந்தால் இப்படி நடந்திருக்காது?" என்று கேட்டபோது என்னிடம் விடையில்லை. நான் கலை பயின்றவன், வைத்தியனல்லன். எனினும், அந்தக் கேள்வி என்னைப் படிக்கவைத்தது, அறிந்தவர்களிடம் கேட்கவைத்தது. அவ்வாறு அறிந்தவற்றையே நேயர்களாகிய உங்களுடன் இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கத்னா என்பது மிகப் பழைய சத்திரசிகிச்சைகளுள் ஒன்று. எகிப்து நாட்டிலே சக்காரா என்னுமிடத்தில் அங்க்மஹோர் என்பவரின் கல்லறைச் சுவரில், ஏறத்தாழ நாலாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட சிற்பமொன்று இதனைக் காட்டுகின்றது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வழிமுறையாக யூதர்களும் முஸ்லிம்களும் இதனைப் பேணி வருகின்றனர். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலார் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் இதனைக் கட்டாயக் கடமையெனக் கொள்கின்றது. ஆகவே கத்னா செய்வதா வேண்டாமா என்பது இன்றைய பேச்சின் பொருளன்று. எவ்வாறு செய்வது என்பதே பொருள்.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன், வேலை எதுவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். முன்தோல் ஒற்றைத் தோலன்று. இரு படைகள் கொண்டது. சட்டைக் கையை உள்ளே மடித்துவிட்டால் எவ்வாறு வெளிப்புறம் ஒன்றும் உட்புறம் ஒன்றுமாக இரு துணிகள் அமைகின்றனவோ, அவ்வாறே அது அமைந்துள்ளது. அதற்குள்ளே மென்மையான மொட்டுப்பகுதி இருக்கின்றது. கீழ்ப்புறத்தில் சிறு நரம்புபோல் தோன்றும் தோல்மடிப்பொன்று இரண்டையும் பிணைக்கின்றது. அதனூடே சிறிய நாடியொன்று ஓடுகின்றது. பெரும்பாலான உதிரப்போக்கு அவ்விடத்திலிருந்தே எழும்.

எனவே எந்த முறையாயினும் அது நான்கு காரியங்களைச் செவ்வனே செய்தாக வேண்டும். இரு படைத் தோலையும் வேண்டிய அளவு, கூடாமலும் குறையாமலும் நீக்கவேண்டும். உள்ளிருக்கும் மொட்டுக்குத் தீங்கு வரலாகாது. உதிரத்தை நிறுத்தவேண்டும். வெட்டிய இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று பொருந்தி ஆறவேண்டும். இந்நான்கு அளவுகோல்களையும் மனத்திற்கொண்டால் எந்த முறையையும் நாமே எடைபோடலாம்.

முதலில் நம் ஒஸ்தாமார் கையாண்ட முறையைப் பார்ப்போம். தோலை முன்னோக்கி இழுத்து, மொட்டு அகப்படாதபடி பின்னே தள்ளி, இடையிலே ஒரு தடுப்பை வைத்து, கூரிய கத்தியால் ஒரே வீச்சில் அறுப்பது அது. தையல் இல்லை, விறைக்கவைக்கும் மருந்தும் இல்லை. என் சிறு வயதில், காயத்திற்குத் துணிச் சாம்பல் இட்டதையும், சாரம் காயத்தில் உராயாதபடி கூரையிலிருந்து நூல் கட்டி அதனைத் தூக்கி வைத்ததையும் கண்டிருக்கின்றேன். மூத்தம்மாமார் விசிறிக்கொண்டு கதை சொல்வார்கள்.

இம்முறையின் சிறப்பு அதன் வேகம். தேர்ந்த கைக்குச் சில விநாடிகளே போதும். பரம்பரையாக நூற்றுக்கணக்கானோருக்குச் செய்து பழகிய அக்கைகளை நான் இகழமாட்டேன். ஆயினும் நான்கு அளவுகோல்களிலும் வைத்துப் பார்த்தால் குறைகள் புலப்படும். வெட்டும் கணத்தில் மொட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. கைப் பழக்கமொன்றே காவல். வெளிப்படை அறுபட்டு உட்படை மிஞ்சிவிடுவதும் உண்டு. உதிரம் தானே உறையவேண்டும். உறையாவிடில் அதனை நிறுத்தக் கருவியேதும் அருகிலில்லை. ஒரே கத்தி பல பிள்ளைகளுக்குப் பயன்பட்டால், ஈரலழற்சி முதலான தொற்றுநோய்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும். சாம்பலும் மண்ணும் பட்ட காயத்தில் ஏற்புவலிக் கிருமி நுழையவும் இடமுண்டு.

இக்குறைகளைப் பண்டே கண்டு எழுதியவர்களுள் முஸ்லிம் அறிஞர் ஒருவரும் உளர் என்பது நாம் பெருமையுடன் அறியவேண்டிய செய்தி. ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936இல் பிறந்து, 1013இல் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி என்னும் பேரறிஞர், 'அத்தஸ்ரீப்' என்னும் முப்பது பகுதிகள் கொண்ட வைத்தியப் பெருநூலை ஆக்கினார். அதன் முப்பதாம் பகுதி சத்திரசிகிச்சை பற்றியது. கருவிகளின் படங்களுடன் கூடிய அப்பகுதி இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது.

அந்நூலிற் சிறுவர்களின் கத்னாவுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. முன்னோரான கிரேக்கர்களிடம் இவ்வழக்கம் இல்லாமையால் அவர்களுடைய நூல்களில் இதுபற்றி எதுவுமில்லை என்றும், தாம் எழுதுவது அனுபவத்தாற் பெற்ற அறிவென்றும் அவர் தொடங்குகின்றார். சவரக்கத்தி, வளையம், நூற்கட்டு, கத்தரிக்கோல் என அக்காலத்தார் கையாண்ட முறைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கின்றார். கத்தியால் அறுக்கும்போது தோலின் மேற்படை போய் உட்படை எஞ்சிவிடுவதால், பிள்ளை இரண்டாம் முறையும் வேதனைப்பட நேர்கின்றது என்கின்றார். நூலாற் கட்டிக் கத்தரிக்கோலால் வெட்டுவதே மேலானது என்பது அவர் முடிபு. கத்தரிக்கோலின் இரு அலகுகளும் ஒத்து இயங்குவதால் வெட்டும் ஒழுங்காக அமையும். நூற்கட்டு தோலை நழுவவிடாது. கருவியைப் பிள்ளையின் கண்ணிற் படாமல் மறைத்துவைக்கவேண்டும் என்றும் சொல்கின்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு வைத்தியர் பிள்ளையின் அச்சத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கின்றது.

இனி, இன்றைய வைத்தியசாலைகளிற் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கையாளும் முறைகளுக்கு வருவோம். இவை யாவற்றிற்கும் பொதுவானது, வேர்நரம்பை விறைக்கவைக்கும் ஊசிமருந்து. சிறு பிள்ளைகளுக்குச் சில வேளைகளில் முழு மயக்கமும் கொடுக்கப்படும். பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது என்று முன்னர் பலரும் நம்பினர். அது பிழை. வலி நீக்கும் மருந்தின்றிக் கத்னா செய்யப்பட்ட குழந்தைகள், சில மாதங்களின் பின் தடுப்பூசி போடும்போதும் மற்றக் குழந்தைகளைவிட மிகுதியாக வேதனை காட்டியதை 1997ஆம் ஆண்டு வெளியான கனடா நாட்டு ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. உடல் மறப்பதில்லை.

கத்தி, கத்தரிக்கோல் கொண்டு செய்யும் முறைகள் மூன்று. முதலாவது, இடுக்கி வழிகாட்டும் முறை. மொட்டுக்கு முன்பாகத் தோலை இடுக்கியாற் பற்றி, அதன் ஓரமாக வெட்டுவது இது. நம் ஒஸ்தா முறையின் திருந்திய வடிவம் என்றே இதனைச் சொல்லலாம். கற்பதற்கு எளிது; உதவியாளர் இல்லாமலும் செய்யலாம். ஆனால் இங்கும் வெட்டும் கணத்தில் மொட்டு மறைந்தே இருக்கின்றது. வளர்ந்தவர்களுக்குப் பொருந்தும் இம்முறை, உறுப்புச் சிறிதாயுள்ள சிறுவர்களுக்கு ஆபத்தாகலாம்.

இரண்டாவது, மேற்பிளவு முறை. தோலின் மேற்புறத்து நடுவில் நேராக ஒரு பிளவு செய்து, மொட்டைக் கண்ணாற் கண்டபின், சுற்றிவரக் கத்தரிக்கோலால் வெட்டி நீக்குவர். பின் உதிர நாளங்களைக் கட்டி, தானே கரையும் நூலால் விளிம்புகளைத் தைப்பர். சற்று நேரம் பிடிக்கும். விளிம்பு சீராக வருவது கையின் திறமையைப் பொறுத்தது. ஆயினும் காணாததை வெட்டுவதில்லை என்பது இதன் பெரும் பலம். பதினைந்து வயதிற்குக் குறைந்தவர்களுக்கு இடுக்கி முறையைவிட இதுவே தக்கதென உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியுள்ளது.

மூன்றாவது, வளைய நீக்க முறை. வெளிப்படையில் ஒரு வட்டவெட்டும், தோலைப் பின்னிழுத்து உட்படையில் இன்னொரு வட்டவெட்டும் இட்டு, இடையிலுள்ள தோலை ஒரு பட்டியைப்போல் உரித்தெடுப்பது. எவ்வளவு தோல் நீங்குகின்றது என்பதை இங்கே மிக நுட்பமாக அளவிடலாம். ஆறியபின் தழும்பும் அழகாக அமையும். ஆனால் தேர்ந்த நிபுணரும் சத்திரசிகிச்சைக் கூடமும் இதற்கு இன்றியமையாதன.

இவற்றைவிடக் கருவிகளைக் கொண்டு செய்யும் முறைகளும் உண்டு. 1930களில் அமெரிக்காவிற் பிறந்த கொம்கோ இடுக்கி, மணி போன்ற ஓர் உலோக மூடியால் மொட்டைக் காத்து, தோலைத் தட்டொன்றுக்கிடையில் இறுக நசித்து, உதிரம் அடைபட்டபின் வெட்ட வழிசெய்கின்றது. 1950களில் வந்த மோகென் இடுக்கி அதனினும் எளியது, விரைவானது. ஆனால் அதில் மொட்டு கண்ணுக்குத் தெரியாது. இவ்விரு கருவிகளாலும் நேர்ந்த காயங்களைப் பற்றி அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் 2000ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது. ஒரு கருவியின் பாகத்தை மற்றொரு கருவியிற் பொருத்தியதும், தேய்ந்த பாகங்களைப் பயன்படுத்தியதும் அவ்விபத்துகளுக்குக் காரணங்களாயின. நல்ல கருவியும் பராமரிப்பின்றேல் பகையாகும் என்பதற்கு இது சான்று.

பிளாஸ்டிபெல் என்பது பிளாஸ்டிக் வளையம். மொட்டுக்கும் தோலுக்கும் இடையே அதனை வைத்து, மேலே நூலால் இறுகக் கட்டி, மிகுதியை வெட்டிவிடுவர். வளையம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானே உதிர்ந்துவிடும். உதிரப்போக்கு குறைவு, தையலும் வேண்டாம். இங்கே கவனிக்கவேண்டியது அளவு. பெரிய வளையமாயின் பின்னோக்கி நழுவி உறுப்பை நெருக்கும். சிறியதாயின் மொட்டை இறுக்கும். குறித்த நாளில் விழாவிட்டாலோ, பிள்ளை சிறுநீர் கழிக்க இடர்ப்பட்டாலோ, வீட்டிலே பிடுங்க முயலாது வைத்தியரிடம் செல்லவேண்டும். சீன நாட்டில் உருவான ஷாங் வளையம், இரு வளையங்களுக்கிடையே தோலைப் பிடித்துவைக்கும் மற்றொரு கருவி. அதனை ஒரு வாரத்தின்பின் சுகாதார ஊழியர் கழற்றவேண்டும். எயிட்ஸ் நோய் மிகுந்த ஆபிரிக்க நாடுகளில் ஆண்களின் கத்னாவை ஒரு தடுப்புமுறையாக 2007ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபின், இத்தகைய கருவிகளின் ஆய்வு பெருகிற்று.

இறுதியாக, வெப்பத்தைக் கொண்டு செய்யும் முறைகள். இவ்விடயத்திற் பெற்றோர் மிக விழிப்பாயிருக்கவேண்டும். 'லேசர் கத்னா' என்று விளம்பரப்படுத்தப்படுவதிற் பெரும்பகுதி உண்மையில் லேசர் அன்று. மின்சாரத்தாற் சூடாக்கிய கம்பியே ஆகும். இந்தோனேசியாவில் அவ்வாறுதான் அதற்குப் பெயர் வழங்குகின்றது. வெட்டும்போதே உதிரத்தை அடைத்துவிடுவது இதன் கவர்ச்சி. ஆனால் வெப்பம் ஆழச் சென்றால் இழப்பு மீளாதது. அதுபோலவே, உடலினூடே மின்னோட்டம் பாய்ந்து செல்லும் ஒருமுனை மின்கருவியை இவ்வுறுப்பிற் கையாள்வது பேராபத்து. குறுகிய அடியினூடே மின்சாரம் முழுவதும் திரண்டு பாய்வதால், நாளங்கள் அனைத்தும் உறைந்துபோகலாம். கனடாவின் வினிபெக் நகரில் 1966ஆம் ஆண்டில், மின்சுடுகருவியால் ஓர் ஆண்குழந்தை தன் உறுப்பையே இழந்த துயரம் வைத்திய வரலாற்றில் நிலைத்துவிட்டது. இரு முனைகளுக்கிடையே மட்டும் மின்சாரம் ஓடும் இருமுனைக் கருவியே காப்பானது.

இத்தனை முறைகளுள் எது சிறந்தது? 2010ஆம் ஆண்டு வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பொன்று தரும் விடை சிந்தனைக்குரியது. கைக்குழந்தைகளிற் பக்கவிளைவுகள் நடுத்தரக் கணக்காக நூற்றுக்கு ஒன்றரை. வளர்ந்த சிறுவர்களில் நூற்றுக்கு ஆறு. அவற்றிற் கடுமையானவை மிக அரிது. பயிற்சியற்றவர் செய்த இடங்களிலும் தூய்மை குன்றிய இடங்களிலும் இத்தொகை உயர்ந்தே காணப்பட்டது. ஆகவே முறையின் பெயரைவிட மூன்று செய்திகள் முக்கியமானவை: பிள்ளையின் வயது, செய்பவரின் பயிற்சி, இடத்தின் தூய்மை. கருவி முறைகள் பெரும்பாலும் கைக்குழந்தைக்கு ஏற்றவை. பாடசாலைப் பருவச் சிறுவனுக்கு, மொட்டைக் கண்டு வெட்டித் தைக்கும் முறையே நம்பத்தக்கது.

எனினும் எந்த முறையும் காக்கமுடியாத பிள்ளைகள் சிலர் உளர். அவர்களை முன்கூட்டியே அறிந்துகொள்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சிறுநீர்த் துவாரம் நுனியில் அமையாது கீழ்ப்புறத்தில் அமைந்த குழந்தைகள் ஏறத்தாழ முந்நூறு ஆண்பிள்ளைகளுக்கு ஒருவராகப் பிறக்கின்றனர். 'மலக்குகள் கத்னா செய்த பிள்ளை' என்று மூத்தோர் மகிழும் சில பிள்ளைகள் உண்மையில் இக்குறையுடையோராக இருக்கலாம். அக்குறையைச் சீர்செய்யும் சிகிச்சைக்கு முன்தோலே மூலப்பொருளாகப் பயன்படுவதால், அவர்களுக்கு முன்னதாகக் கத்னா செய்துவிடலாகாது. உறுப்பு கொழுப்பினுள் புதைந்திருக்கும் பிள்ளைகளுக்கும், காய்ச்சலோ தொற்றோ உள்ள பிள்ளைகளுக்கும் பொறுத்தே செய்யவேண்டும்.

மற்றொரு சாரார், உதிரம் உறையாத பரம்பரை நோயுள்ளவர்கள். நான் தொடக்கத்திற் கூறிய சிறுவன் இவ்வகையைச் சேர்ந்தவன். அவனுடைய தாய்மாமன்மார் இருவருக்கும் பல் பிடுங்கியபோது நாட்கணக்கில் உதிரம் வடிந்ததை அவன் உம்மா பின்னரே நினைவுகூர்ந்தாள். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை! இந்நோய் தாய்வழியாக ஆண்மக்களுக்கு வருவது. முதலிரு பிள்ளைகள் கத்னாவால் இறந்தால் மூன்றாம் பிள்ளைக்குச் செய்யவேண்டியதில்லை என்று யூத அறிஞர்கள் பண்டைக் காலத்திலேயே விதித்திருந்தனர். நம் ஸஹ்ராவி அவர்களும், காயமுற்றால் உதிரம் நில்லாது ஆண்கள் இறந்துபோகும் ஒரு கிராமத்தைப் பற்றித் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். அந்த வாப்பாவின் கேள்விக்கு இப்போது என்னால் விடை சொல்லமுடியும்: பிழை முறையிலன்று, கேளாமல் விட்ட ஒரு கேள்வியில் இருந்தது.

பெண்குழந்தைகளுக்குக் கத்னா என்ற பெயரில் நம்மவர் சிலரிடம் நிலவும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாது விடுவது நேர்மையாகாது. அது இதன் மறுபாதியன்று. வைத்திய நன்மை எதுவும் அதற்கில்லை, தீமை உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதனை முற்றாக எதிர்க்கின்றது. வைத்தியர்கள் அதனைச் செய்யலாகாதென இலங்கைச் சுகாதார அமைச்சும் 2018ஆம் ஆண்டிற் சுற்றறிக்கை விடுத்தது. அதற்கெனச் சிறந்த முறையொன்றைத் தேடுவதற்கில்லை, விட்டுவிடுவதே முறை.

இனி, பெற்றோர் நினைவிற் கொள்ளவேண்டியவற்றைச் சுருங்கச் சொல்லி முடிக்கின்றேன். நாள் குறிக்குமுன் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். தாய்வழி உறவினரின் உதிரப்போக்கைப் பற்றி மறைக்காது கூறுங்கள். தடுப்பூசிகள் ஒழுங்காகப் போடப்பட்டனவா என்று கிளினிக் புத்தகத்தைப் பாருங்கள். ஏற்புவலிக்கு அதுவே அரண். செய்பவர் யார், எங்கே பயின்றார், கருவிகள் கொதியாவியில் தூய்மையாக்கப்பட்டனவா என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்பது அவமதிப்பன்று. பின்னர், துணி நனைந்து சொட்டும்படி உதிரம் வந்தாலோ, எட்டு மணி நேரத்திற்குமேல் சிறுநீர் கழியாவிட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ, சிவப்புப் பரவினாலோ, மொட்டு கறுத்தாலோ, இரவென்று பாராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கல்முனையிலுள்ள அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை எங்களூருக்குத் தொலைவன்று. சாம்பலோ எண்ணெயோ மஞ்சளோ காயத்திலிட வேண்டாம்.

இதனால் நம் பண்டை மரபு எதுவும் குறைந்துபோவதில்லை. பந்தல் எழட்டும், உறவினர் கூடட்டும், துஆ ஓதப்படட்டும், மூத்தம்மா விசிறியுடன் அமர்ந்து கதை சொல்லட்டும். பரம்பரையாகப் பணிசெய்த ஒஸ்தாவுக்கு முதன்மை இருக்கை கொடுத்து மரியாதை செய்வோம். கத்தி மட்டும் பயின்றவர் கையில், தூய இடத்தில், பிள்ளை வலியறியாத நிலையில் இருக்கட்டும். விடுமுறை கழிந்து மணியடிக்கும்போது, வகுப்பறையில் எந்த ஆசனமும் வெறுமையாக இருக்கலாகாது. ஓர் அதிபனாக என் வேண்டுகோள் அதுவே.